வெளியே பார்த்த பூட்ஸ்

அப்பளம் நமத்துப்போச்சு என்றார் காளிமுத்து. கேமரன் மலையில் அப்பளம் நமக்காமல் இருந்தால்தான் செய்தி என்றாள் குமுதா. அவர் அதற்குச் சிரிக்கவில்லை. ஆனாலும் தட்டில் இருந்ததையெல்லாம் தின்று தீர்த்தார். கையைக் கழுவிவிட்டு, காதைச் சுற்றி மப்ளரைக் கட்டிக்கொண்டு, டி.வி. முன்னால் நாற்காலியில் சாய்ந்தார்.

"கூட்டம் என்னாச்சு?" என்று கேட்டாள் குமுதா.

"வெளிய."

"எத்தன பேரு வெளிய?"

"எல்லாரும்தான்."

படுக்க வாங்க என்று கூப்பிட்டதற்கு, நீ போ வரேன் என்றார். விடிந்தபோதும் அதே நாற்காலியில்தான் இருந்தார். மப்ளர் மட்டும் கழுத்துக்கு நழுவியிருந்தது. இதயம் என்றார் தானா ராத்தா ஆஸ்பத்திரி டாக்டர். நெடுநாள் அடைப்பு, என்றைக்கு வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்றும் சொன்னார்.

ஒரு குடித்தனத்தின் கடைசிச் சாப்பாட்டுப் பேச்சு அப்பளத்தைப் பற்றியதாக இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் குமுதா புதுப் பாக்கெட்டைப் பிரித்திருப்பாள்.

அதற்குப் பிறகு அவள் ஊரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று அக்கம்பக்கத்தார் சோறும் குழம்பும் தூக்கிவந்தார்கள். மூடி திறக்காமலே எல்லாப் பாத்திரமும் திரும்பிப் போயிற்று. நல்லுசாமி வீட்டு முட்டைக்கோஸ் பொரியல் மட்டும் இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் திரும்பிப் போனது. பதினாறாம் நாள் காரியத்துக்கு எத்தனை இலை என்று கேட்கவந்த மகேஸ்வரனிடம், "ஐயருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அவர வெளிய தள்ளுனவங்களுக்கு நான் எலை போட மாட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

தண்ணித்தொட்டிக் கம்போங் என்கிற அந்த மலேசியக் கிராமம் தேயிலைச் சரிவின் நடுவில் இருந்தது. மேலே கியா பார்ம் பக்கம் ஒரு காய்கறிக் கிராமம், கீழே லெம்பா பெர்த்தாமில் இன்னொன்று. மூன்று ஊரும் சேர்ந்து ரோடு, வடிகால், மண்சரிவு எல்லாவற்றுக்கும் ஒரே திட்டமாகப் போட்டு மாவட்ட அலுவலகத்தில் கொடுக்கவேண்டும் என்று காளிமுத்து வருஷக்கணக்காக அலைந்தார். மேலே பெய்கிற மழை நம்மிடம் கேட்டுக்கொண்டா கீழே போகிறது என்பது அவர் வாதம். கிராமக் குழுவின் தலைவர் அவர். அவர் தலைமையில் கூடிய கூட்டம்தான் அந்தக் கூட்டுத் திட்டத்திலிருந்து தண்ணித்தொட்டி விலகிக்கொள்கிறது என்று முடிவு செய்தது. செயலாளர் மகேஸ்வரன் விலகல் கடிதத்தைத் திங்கட்கிழமை கொடுக்கப்போகிறான்.

வடிகால் எக்கேடு கெட்டுப்போனாலும் குமுதாவுக்குக் கவலை இல்லை. சொந்த ஊரே அந்த மனுஷனைக் கைவிட்டதா, கைவிட்டது என்றால் யார் யார் என்று தெரியவேண்டும். அதற்காகத்தான் ஐவியைக் கூப்பிட்டாள்.

ஐவி அந்தத் தோட்டத்துப் பழைய கிராணியின், அதாவது கணக்கரின், மகள். தானா ராத்தாவில் ஒரு சலவைக் கடைக்கு மேலே துப்பறியும் தொழிலுக்கு அறை எடுத்திருந்தாள். கதவில் 'விசாரணை' என்று மட்டும் எழுதியிருந்ததால் பாதிப் பேர் ஈப்போ பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க ஏறிவருவார்கள். அவள் அதையும் சரியாகச் சொல்லி அனுப்புவாள். காணாமல்போன நாயிலிருந்து காணாமல்போன மாப்பிள்ளை வரைக்கும் கண்டுபிடித்திருக்கிறாள். நாய்கள்தான் திரும்பிவர ஒத்துக்கொண்டன என்பது அவளுடைய உதவியாளன் தர்மாவின் கணக்கு.

சனிக்கிழமை காலை அவனுடைய லேண்ட் ரோவர் வாசலில் வந்து இருமி நின்றது. ஒரு பக்கக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது.

"பயப்படாம ஏறுங்க ஆண்ட்டி," என்றான் தர்மா. "இது வண்டி இல்ல, கூட்டுக் குடும்பம். ஒவ்வொரு பார்ட்டும் ஒவ்வொரு வீட்லேருந்து வாக்கப்பட்டு வந்துச்சு."

"வாய மூடு தர்மா. குமுதாக்கா, மொதல்ல அந்த ஓட்டு எப்படி நடந்துச்சுன்னு இவனுக்குச் சொல்லுங்க," என்றாள் ஐவி. "எனக்குத் தெரியும். இவன் டவுன்ல பொறந்தவன்."

குமுதா சொன்னாள். துரை காலத்தில் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டால், எந்தக் கை தூக்கியது என்று கங்காணி பார்த்து வைத்துக்கொள்வார். அதனால் தண்ணித்தொட்டிக்காரர்கள் ஓட்டைக் கையிலிருந்து காலுக்கு மாற்றினார்கள். மண்டபத்தில் சாமி படம் இருப்பதால் பூட்ஸைப் படிக்குக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். வீட்டுக்கு ஒருவர், ஒரு ஜோடி. பேசி முடித்ததும் எல்லோரும் வெளியே வந்து டீ குடிப்பார்கள். திரும்ப ஏறும்போது, ஒத்துக்கொள்கிறவர் பூட்ஸின் முனை மண்டபத்தைப் பார்க்கும்படி விடுவார். ஒத்துக்கொள்ளாதவர் ரோட்டைப் பார்க்கும்படி திருப்பி விடுவார். உள்ளே, வெளியே. அவ்வளவுதான். எல்லாம் ஒரே கடையில் வாங்கிய ஒரே கறுப்பு ரப்பர் பூட்ஸ். உள்விளிம்பில் கட்டியிருக்கும் கலர் நூலைப் பார்த்தால்தான் அவரவருக்கு அவரவருடையது தெரியும். செயலாளர் போய் எண்ணிவிட்டு வந்து சொல்லுவார்.

"செருப்பு போட்டுட்டு வந்தா?" என்றான் தர்மா.

"அது ஓட்டு இல்ல. மரியாதக் கொறச்சல்."

"யார் எப்படித் திருப்புனாங்கன்னு பின்னால கேட்டுக்கலாம்தானே?"

"கேக்கலாம். சொல்லக்கூடாது. எப்படிப் போட்டேன்னு யாராவது வாயத் தொறந்தா ஒரு மாசம் மண்டபத்தக் கழுவணும். அந்தச் சட்டத்துல எங்க வீட்டுக்காரரு ரொம்ப கறாரு. நல்லுசாமிண்ணனயே ஒருதரம் கழுவ வச்சிருக்காரு." குமுதா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவ்வளவு நம்பிக்கையோட போனாருலா. ஜெயிக்கறதப் பாக்கட்டும்னு அவரோட சிநேகிதரு அந்த ஜப்பான்காரரக்கூட விருந்தாளியா கூட்டிட்டுப் போனாரு. கடைசில எல்லாரும் வெளியன்னுட்டாங்க."

ஐவி கம்பளித் தொப்பியைக் காதுக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். "எல்லாரும்னா, காளிமுத்தண்ணனுமா?"

குமுதா முந்தானையைக் கீழே விட்டாள். எல்லாரும் என்றால் மற்ற எல்லாரும் என்றுதான் அவள் இத்தனை நாளும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மண்டபத்தில் மகேஸ்வரன் தனியாக உட்கார்ந்து நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். குமுதாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். முகத்தில் பள்ளிக்கூடத்துப் பையனின் பயம்.

"வாங்க அண்ணி."

"மகேஸு, நீதானே எண்ணுன?" என்று ஐவி ஆரம்பித்தாள். "எத்தன ஜோடி உள்ள?"

"ஒண்ணும் இல்ல."

"தலைவர் பூட்ஸு?"

அவன் குமுதாவைப் பார்க்காமல் சொன்னான். "அதுவும் வெளியதான் பாத்துச்சு. பச்ச நூலு. எண்ணிட்டு நிமிர்ந்தா எனக்குத் தலயே சுத்திருச்சு. அண்ணே மனசு மாறிட்டாரு போலன்னு நெனச்சேன். உள்ள வந்து சொன்னேன். அண்ணே எந்திரிச்சு படில நின்னு பாத்தாரு. அவரோடதயும் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. சரி, விலகிக்கறோம்னு எழுதிருன்னாரு."

"ஏன் சொல்லல? என்னோடத யாரோ திருப்பிட்டாங்கன்னு சொல்லியிருக்கலாமே," என்றான் தர்மா.

"அப்படிச் சொன்னா அவரு எப்படிப் போட்டாருன்னு சொன்னதா ஆயிரும்," என்றாள் குமுதா. அந்த மனுஷனின் கறார் அவளுக்குத் தெரியும். அவருடைய சட்டமே அவர் வாயைக் கட்டியிருக்கிறது.

ஐவி மகேஸ்வரனை விடவில்லை. "ஒன்னோட பூட்ஸு எப்படி விட்டுட்டு ஏறுன?"

"அத சொல்லக்கூடாது." மூலையில் இருந்த மாப்பு வாளியை அவன் கண் தொட்டுத் திரும்பியது.

"சரி, அது வேணாம். பூட்ஸெல்லாம் எப்படி நின்னுச்சு? அதச் சொல்லலாம்லா?"

"எண்ணுறதுக்கு ரொம்ப சுலபமா இருந்துச்சு. காலைல வேலைக்குப் பேரு கூப்பிடுற பெரட்டுல ஆளு நிக்கிற மாதிரி ஒரே வரிச. குதிகால் எல்லாம் படிய ஒட்டி."

ஐவி வாசலுக்குப் போய் எட்டிப்பார்த்தாள். மகேஸ்வரனின் பூட்ஸில் ஒன்று நின்றுகொண்டிருந்தது, இன்னொன்று அசந்து படுத்திருந்தது. தர்மாவின் ஷூ ஒன்று கீழ்ப்படியில், ஜோடி எங்கோ செம்பருத்திச் செடிக்குள்.

"குமுதாக்கா, இந்த ஊர்ல பூட்ஸு வரிசையா நின்னு நீங்க பாத்திருக்கீங்களா?"

"எங்க வீட்லயே பாத்தது இல்ல," என்றாள் குமுதா. "ஒத்தப் பூட்ஸ அடுப்படில தேடியிருக்கேன்."

"அப்படின்னா அது பல பேரு போட்ட ஓட்டு இல்ல. ஒரே ஆளு செஞ்ச வேல. எல்லாரும் டீ குடிச்சு ஏறுன பின்னால, நீ எண்ணப் போறதுக்கு முன்னால யாரு வெளிய போனது மகேஸு?"

"நல்லுசாமிண்ணே. போன் வந்துச்சுன்னு போயிட்டு ஒடனே வந்துட்டாரு. நம்ம ஊரு ஆளு வேற யாரும் போகல."

குமுதாவின் காதில் நல்லுசாமி என்ற பெயரைத் தவிர வேறொன்றும் விழவில்லை. திட்டத்தைக் கூட்டத்துக்குக் கூட்டம் எதிர்த்த வாய் அது. ரெண்டு தடவை பொரியல் அனுப்பிய கை. இப்போதுதான் அவளுக்கு அந்தப் பொரியலின் அர்த்தம் புரிந்தது. குற்றம் செய்த நெஞ்சு கோஸை நறுக்கி அனுப்பியிருக்கிறது.

"வண்டிய எடு தம்பி," என்றாள்.

சனிக்கிழமை கியா பார்ம் ரோடு என்பது ரோடு இல்லை, கோலாலம்பூர்க் கார்களின் காட்சிச்சாலை. தர்மா ஒவ்வொரு காரையும் பார்த்து ஒவ்வொன்று சொன்னான். சிவப்புக் காருக்குள் இருந்த குடும்பம் காலையிலிருந்து சண்டை, ஸ்ட்ராபெரி வாங்கினால்தான் ஓயும் என்றான். குமுதா பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். சிரித்ததற்கு வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நல்லுசாமி தன் சந்தைக் கடையில் சோளக் குவியலுக்குப் பின்னால் நின்று ஒரு சீனத்தியம்மாவிடம் மலாயில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். குமுதாவைப் பார்த்ததும் பேரத்தைப் பாதியிலேயே விட்டுக்கொடுத்துவிட்டார். சீனத்தியம்மா அவர் மனசு மாறுவதற்குள் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

"வா தங்கச்சி. ஒக்காரு."

"ஒக்கார வரல. எதுக்குண்ணே அவரு பூட்ஸத் திருப்புனீங்க?"

நல்லுசாமி அவளைப் பார்த்தார். பிறகு ஐவியைப் பார்த்தார். "ஓ, கிராணி மகளும் வந்திருக்கா. அப்ப கேசுதான். நான் திருப்புனேன்னு யார் சொன்னா?"

"நீங்கதான் திட்டத்த எதிர்த்தீங்க. நீங்கதான் வெளிய போனீங்க," என்றாள் ஐவி.

"வாயால எதிர்த்தேன். காலால என்ன செஞ்சேன்னு ஒனக்கு என்னத்துக்கு?" அவர் ஒரு சோளத்தின் தோலைச் சரக்கென்று உரித்தார். "நல்லா யோசிச்சுப் பாரு. நான் கள்ளத்தனம் பண்ணணும்னா அத்தனையுமா திருப்புவேன்? பாதிக்கு மேல நாலு ஜோடி போதும். அதுலயும் காளி பூட்ஸத் தொடுவேனா? அது வெளிய பாத்தா பச்சப் புள்ளைக்குக்கூடச் சந்தேகம் வந்துரும்."

"யாருக்கும் வரலயே," என்றான் தர்மா.

"அதான்லா எனக்கும் புரியல. ஊரே வாயப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்கு."

ஐவி சோளத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். "நீங்க போன் பேச வெளிய வந்தப்ப பூட்ஸெல்லாம் வரிசையா இருந்துச்சா?"

"வரிசையா? வழக்கம்போல குப்ப. இருட்டுல என் பூட்ஸுலயே தடுக்கி விழப்பாத்தேன். உள்ள பாத்து விட்டிருந்தேன்ல, முன்பக்கம்..."

அவர் நிறுத்தினார்.

"உள்ளயா?" என்றாள் குமுதா.

நல்லுசாமி தலையைச் சொறிந்தார். "வாயி நழுவிருச்சு. சரி விடு, கழுவிட்டுப் போறேன்."

"அண்ணே, நீங்கதான் ஒவ்வொரு கூட்டத்துலயும் அவரோட மல்லுக்கு நின்னீங்க."

"நிக்காம? யாராச்சும் கேள்வி கேட்டாத்தானே அவன் பதில் சொல்லுவான். எல்லாரும் தலையாட்டுனா மாவட்டத்துல போயி என்னத்தப் பேசுவான்? எங்கிட்ட பேசிப் பேசித்தான் அவன் அந்த வடிகால் கணக்கையெல்லாம் மனப்பாடம் பண்ணுனான்." அவர் உரித்த தோலைக் கூடைக்குள் போட்டார். "அவன் பதில் சொல்றதக் கேக்கத்தான் தங்கச்சி நான் கூட்டத்துக்கே போறது. நல்லாப் பேசுவான்."

குமுதா இப்போதுதான் உட்கார்ந்தாள். கவிழ்த்துப்போட்ட தக்காளிப் பெட்டியில். அடுத்த தடவை பொரியல் அனுப்பினால் திருப்பி அனுப்பமாட்டேன் என்று சொல்ல நினைத்தாள். "அந்தப் பொரியல்..." என்று மட்டும் சொன்னாள்.

"மூணாவதும் செஞ்சுக்கிட்டுதான் இருக்கா," என்றார் நல்லுசாமி.

ஐவி குடையை விரித்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள். சாரல் ஆரம்பித்திருந்தது. வண்டியில் ஏறி, கயிற்றுக் கதவைத் தர்மா இழுத்துக் கட்டிய பிறகுதான் பேசினாள்.

"நல்லுசாமிண்ணே சொன்னது சரி. ஏமாத்துறவன் எல்லாத்தையும் திருப்பமாட்டான். தலைவர் பூட்ஸையும் சேத்துத் திருப்புனவனுக்கு அது ஓட்டுன்னே தெரியாது."

"தண்ணித்தொட்டில அது தெரியாத ஆளு இல்லையே," என்றாள் குமுதா.

"தண்ணித்தொட்டில இல்ல. மகேஸு என்ன சொன்னான்? நம்ம ஊரு ஆளு வேற யாரும் வெளிய போகலன்னான். அவன் பொய் சொல்லல. நம்ம ஊரு ஆளுகள மட்டும்தான் கணக்குல எடுத்தான்."

குமுதாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "மொரித்தாவா?"

மொரித்தா ஓய்வுபெற்ற ஜப்பான்காரர். வருஷத்தில் பாதியைத் தானா ராத்தா அடுக்குமாடியில் கழிப்பவர். தேயிலைக் காட்டில் நடக்கவந்து காளிமுத்துவோடு சிநேகமானவர். இருவரும் அரைகுறை மலாயில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். என்ன பேசினீங்க என்று குமுதா கேட்டால், அவரு பொண்ணுக்கும் பூனை பிடிக்காதாம் என்பதுபோல ஏதாவது சொல்லுவார் காளிமுத்து.

"அந்த மனுஷன் எதுக்கு நம்ம பூட்ஸப் போயி திருப்புறாரு?"

"அதான் எனக்கும் தெரியல," என்றாள் ஐவி. "டீ குடிச்சுப் பாப்போம்."

"பாஸ், டீ குடிச்சா உண்மை வரும்னா போலீஸ் ஸ்டேஷன்ல டீத்தூள்தான் வாங்கி வைப்பாங்க," என்றான் தர்மா.

மொரித்தா கதவைத் திறந்து, குமுதாவைக் கண்டதும் இடுப்பை வளைத்து வணங்கினார். கூட்டத்துக்கு அடுத்த நாளே பினாங்கில் மகளைப் பார்க்கப் போனதாகவும் நேற்று ராத்திரிதான் திரும்பியதாகவும் மலாயில் சொன்னார். மூவரும் வாசலில் செருப்பு ஷூவை உதறிவிட்டு நுழைந்தார்கள். தர்மாவுடையது வழக்கம்போல ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. பாலில்லாத பச்சை டீ வந்தது. தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்த குமுதாவுக்கு அது டீயா, கழுவிய தண்ணீரா என்று சந்தேகம். மரியாதைக்காகக் குடித்தாள்.

"காளிமுத்து சௌக்கியமா?" என்று கேட்டார் மொரித்தா. "அன்று ஜெயித்தாரா?"

அவர் இறந்துவிட்டார் என்பதைச் சொல்ல மலாயில் குறைந்த வார்த்தைகளே போதும். குமுதா சொன்னாள்.

மொரித்தா கோப்பையைக் கீழே வைத்தார். மெதுவாக எழுந்து வாசல் பக்கம் போனார். அவர் முதுகு மறைந்த சுவரையே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை வலுத்தது. வெகுநேரம் கழித்து அவர் வந்து மறுபடி உட்கார்ந்தபோது கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"கூடவே இரு, நாங்கள் ஜெயிப்பதைப் பார்ப்பாய் என்றார் காளிமுத்து," என்றார் மொரித்தா. "ஆனால் ஒரு குடும்பம் முடிவு எடுக்கும்போது விருந்தாளி உட்கார்ந்திருக்கக்கூடாது. அதனால் டீக்குப் பிறகு எல்லோரும் உள்ளே போய்ப் பேசிக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் புறப்பட்டுவிட்டேன். சொல்லிக்கொள்ளாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன்."

மூவரும் விடைபெற்றுக்கொண்டு எழுந்தார்கள். வாசலுக்கு வந்ததும் முன்னால் நின்ற குமுதா நின்றுவிட்டாள். பின்னால் வந்த தர்மா அவள் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்தான்.

மூன்று ஜோடியும் வரிசையாக நின்றன. குதிகால் எல்லாம் வாசற்படியை ஒட்டி. முனைகள் எல்லாம் வெளியே பார்த்து.

துக்கம் தாங்காமல் எழுந்து போன மனுஷனின் கைகள், அந்த நேரத்திலும் வந்தவர்களின் செருப்பைத் திருப்பி வைத்திருக்கின்றன.

"இது நீங்க வச்சதா?" என்று ஐவி மெல்லக் கேட்டாள்.

மொரித்தாவுக்கு வெட்கமாகிவிட்டது. "எங்கள் பழக்கம். போகிறவர்கள் குனிந்து தேடாமல் அப்படியே காலை விட்டுக்கொள்ளலாம். அன்று உங்கள் மண்டபத்தில்கூட வைத்துவிட்டுத்தான் வந்தேன். மழை வரும்போல இருந்தது. வயதானவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்." அவர் மூன்று முகங்களையும் மாறிமாறிப் பார்த்தார். ஏதோ சரியில்லை என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும். "தப்பாகச் செய்துவிட்டேனா?"

ஐவி குமுதாவைப் பார்த்தாள். தர்மாவும் பார்த்தான். இதற்குப் பதில் சொல்லவேண்டியவள் அவள் ஒருத்திதான்.

ஊர் பூட்ஸையெல்லாம் அன்று ராத்திரி வெளியே திருப்பியது இந்தக் கைதான். அந்த வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் காளிமுத்து வீட்டுக்கு வந்தார். நமத்த அப்பளத்தைத் தின்றுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இதையெல்லாம் மலாயில் சொல்ல அவளுக்கு வார்த்தை இருந்தது. சொன்னால் இந்த மனுஷன் இனி எந்த வாசலிலும் குனியமாட்டார்.

"இல்ல," என்றாள் குமுதா. "அவருக்கு முட்டி வலி. குனியச் சிரமப்படுவாரு. அன்னிக்குச் சிரமப்படாம போட்டுக்கிட்டு வந்திருப்பாரு." பிறகு சொன்னாள்: "வர்ற வெள்ளிக்கிழம அவரோட காரியம். நீங்க வரணும்."

மொரித்தா மறுபடி வணங்கினார். இந்தத் தடவை வெகுநேரம் நிமிரவில்லை.

ஊர் திரும்பும் வழியில் வண்டி பிரிஞ்சாங் போகும் நெரிசலில் மாட்டி நின்றது. வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது. அந்தப் பக்கம் தர்மா இல்லை.

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றாள் ஐவி.

"சொல்லி? எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு வந்துருவாரா?"

மற்றவர்கள் பேசாததன் காரணம் குமுதாவுக்கு இப்போது புரிந்தது. மகேஸ்வரன், பக்கத்து வீட்டு சீதா, கீழ்வீட்டுத் தங்கராஜு என்று ஒவ்வொருவரும் படியில் இறங்கி, தன் பூட்ஸ் திரும்பியிருப்பதைப் பார்த்து, தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு, சட்டத்துக்குப் பயந்து காலை விட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். ஊரே வாளிக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டது. அவரை யாரும் வெளியே தள்ளவில்லை. ஆனால் அது தெரியாமலேதான் அவர் போனார். அதை எந்தத் துப்பறிகிறவளாலும் திருப்பி வைக்க முடியாது.

"திங்கக்கிழம மகேஸு அந்தக் கடுதாசியக் கொடுத்துருவான்," என்றான் தர்மா. "வீடு வீடா ஏறி எறங்கணும்னா இந்த ஜாம்ல நாளைக்கு ராத்திரிதான் போயிச் சேருவோம்."

குமுதா கைப்பையிலிருந்து காளிமுத்துவின் போனை எடுத்தாள். ஒவ்வொரு நாளும் அதற்குச் சார்ஜ் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். எதற்கு என்று அவளையே கேட்டுக்கொண்டதில்லை. அதில் ஊர் வாட்ஸ்அப் குழு இருந்தது. சீதா விடிந்ததும் விடியாததுமாக ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் போட, அதற்கு நாற்பது பேர் கும்பிடு போட, பொறுக்கமாட்டாமல் காளிமுத்து தன்னைத் தவிர யாரும் எதுவும் போட முடியாதபடி பூட்டிவிட்டார். அவர் இறந்த செய்தியைக்கூட ஊர்க்காரர்களால் அதில் போட முடியவில்லை.

அவள் மெதுவாகத் தட்டினாள்.

"ஆண்ட்டி, மொதல்ல ஒங்க பேரப் போடுங்க," என்று தர்மா அவசரமாகச் சொன்னான். "அவர் நம்பர்லேருந்து மெசேஜ் போனா ஊர்ல பாதிப் பேரு மயங்கி விழுந்துருவாங்க."

குமுதா மேலே ஒரு வரி சேர்த்தாள்.

'நான் குமுதா பேசுகிறேன். அன்றைக்குப் பூட்ஸைத் திருப்பியது நம் ஊர் ஆள் இல்லை. ஓட்டு என்று தெரியாமல் செய்தது. யார் என்று என்னைக் கேட்காதீர்கள். நாளைக்கு மறுபடி எண்ணவேண்டும். வெள்ளிக்கிழமை காரியத்துக்கு எல்லோரும் வாங்க. எல்லோருக்கும் இலை போடுவேன்.'

அனுப்பினாள். பூட்டை எங்கே திறப்பது என்று தர்மா காட்டினான். திறந்தாள். வண்டி அரை அடி நகர்ந்து நின்றது.

முதலில் மகேஸ்வரன். 'நான் உள்ள.'

அடுத்து சீதா. 'உள்ள.' பிறகு தங்கராஜு. பிறகு எண்ணி முடிக்குமுன் ஒன்றன்மேல் ஒன்றாக, உள்ள, உள்ள, உள்ள. நல்லுசாமி குரல் பதிவு ஒன்றை அனுப்பியிருந்தார். பின்னணியில் யாரோ சோளத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரே ஒருவர், மேல்வீட்டு அம்சவல்லி, 'நான் வெளியதான் போட்டேன், இப்பவும் வெளியதான். ஆனா எலைக்கு வருவேன்' என்று எழுதியிருந்தாள்.

"அத்தன பேரும் சட்டத்த ஒடச்சிட்டாங்க," என்றான் தர்மா. "இனிமே மண்டபத்துத் தரைல மொகம் பாத்துத் தலசீவலாம்."

ஐவி சிரித்துவிட்டுக் குமுதாவின் பக்கம் திரும்பினாள். குமுதா சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள். எது எப்போது நின்றது, எது எப்போது தொடங்கியது என்று சொல்லமுடியவில்லை.

சந்தடிசாக்கில் சீதா ஒரு ரோஜாப்பூவையும் போட்டுவிட்டாள்.

"திரும்பப் பூட்டணுமாக்கா?" என்று ஐவி கேட்டாள். "இல்ல வேற யாரையாச்சும் அட்மின் ஆக்கிறலாமா?"

குமுதா திரையைத் தொட்டுக் குழுவின் பெயரைத் திறந்து பார்த்தாள். கீழே பேர்கள் வரிசையாக இருந்தன. எல்லோருக்கும் மேலே, மப்ளர் கட்டிய சின்ன வட்டப் படத்துக்குப் பக்கத்தில், காளிமுத்து, அட்மின் என்று இருந்தது.